இருபத்தொன்பது நிமிடத் தூரம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். பத்தொன்பது இருக்கை உள்ள விமானம், பதினொரு பேரோடு கிளம்பியது. மீதி இருக்கைகள் சும்மா போய்ச் சும்மா திரும்பி வந்தன. என் கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி. அதன் வழியே பார்த்தால் காலி இருக்கையின் வெள்ளை உறைகூடத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே "இடம் இல்லைங்க" என்று சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

ஒரு பெரியவர் விடவில்லை. "அதோ இருக்கே இடம். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"எடை தாங்காதுங்க ஐயா."

"நான் அம்பது கிலோகூட இல்லையேம்மா. வேணும்னா செருப்பைக் கழட்டிடறேன்."

கழற்றியே விட்டார். எடை மெஷினில் வெறுங்காலோடு நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவரிடம் விளக்க முடியாததை இங்கேயாவது எழுதுகிறேன். விமானம் போகிற எதிர்த் தீவில் ஓடுபாதை குட்டை, கனத்தோடு இறங்க முடியாது. எண்ணெய் ஊற்றவும் வசதி கிடையாது. போகவர இரண்டுக்கும் இங்கேயே ஊற்றியாக வேண்டும். எத்தனை நிமிடம் பறக்கும் என்று கணக்கோ அத்தனைக்கு எண்ணெய். அலுவலகக் கணக்கில் போக நாற்பத்தேழு நிமிடம், திரும்பி வர இருபத்தொன்பது. அதே கடல், அதே விமானம், அதே நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். கேட்டால் எதிர்க்காற்று என்கிறார்கள். நாற்பத்தேழுக்கு எண்ணெய் ஊற்றினால் எடை ஏறும். எடை ஏறினால் ஆளைக் குறைக்க வேண்டும். குறைப்பது என் வேலை. வசவும் எனக்கே.

மார்ச் 6, வெள்ளி

வீட்டுக்காரர் வந்துவிட்டார்! மூன்றே முக்காலுக்கு எதிர்த் தீவில் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள், ஆறு மணிக்கு இங்கே என் சமையலறையில் நின்று "டீ இருக்கா?" என்கிறார் மனுஷன். சின்னது அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்கிறது.

நாலு வருஷம் இவரை மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். இவர் அங்கே வாத்தியார், எனக்கு இங்கே விமான நிலையத்தில் வேலை. நேர் விமானம் கிடையாது. அங்கிருந்து நகரத்துக்குப் பறந்து, நகரத்தில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் நகரத்திலிருந்து இங்கே. வானம் தெளிவாக இருந்தால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து அந்தத் தீவின் மலை தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்திலிருந்து வீட்டுக்கு வர ஒன்றரை நாள்! பிப்ரவரியில்தான் இந்த நேர் விமானத்தை, செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மட்டும், சோதனைக்கு விட்டார்கள். ஏப்ரல் முடிய ஓடும். ஆள் ஏறினால் நிரந்தரம்.

ஏற ஆள் இருக்கிறது. ஏற்றத்தான் விட மாட்டேன் என்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

எதை எழுத. இவரையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பதினொரு பேரும் டிக்கெட் எடுத்தவர்கள். இவர் ஊழியர் குடும்பச் சலுகையில் போகிறவர், கடைசி வரிசை. மெஷினில் ஏறி நின்றார். அறுபத்தொன்று. போன வருஷம் அறுபத்தாறு இருந்தது — தானே சமைத்துச் சாப்பிடுகிற லட்சணம். நான் எண்ணைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். "சொல்லும்மா, சொல்லு. உன் வேலை அது" என்றார். "இடம் இல்லைங்க" என்றேன். கட்டின புருஷனிடம்.

நாளைக் காலை நகரம் வழியாகக் கிளம்பினால் செவ்வாய் மதியம் போய்ச் சேருவார். இரண்டு நாள் பள்ளிக்கூடம் போச்சு.

மார்ச் 11, புதன்

தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: "வாத்தியார் வீட்டுக்குப் போறது முக்கியமா, பிள்ளைங்க பரீட்சை முக்கியமா?" இவர் போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் சிரிப்பு எனக்குத் தெரியாதா? அவமானப்பட்டால்தான் இப்படிச் சிரிப்பார்.

பிறகு மெதுவாக, "இது சரிப்பட்டு வராதும்மா. ஏப்ரல் வரைக்கும் பார்ப்போம். ப்ளேன் நின்னா நீ வேலையை விட்டுட்டு சின்னதைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்றார்.

வேலையை விடுவதா? பதினாலு வருஷம்! அங்கே போய் நான் என்ன செய்வேன், காற்றை எடை போடுவேனா? அதைத்தான் கேட்டேன்.  கேட்டிருக்கக் கூடாது. ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லையே. இவர் மாற்றல் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்.

மார்ச் 12, வியாழன்

நகரத்து அலுவலகத்தில் எந்த விமானம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற அதிகாரி ஒருவர் உண்டு. நாங்கள் வைத்த பெயர் 'அட்டவணை'. இன்று போன் செய்தார். பதினொரு பேருக்கு மேல் ஏறாத விமானத்தை எதற்கு ஓட்டுவது என்று கேட்டார்.

"ஏற ஆள் இருக்காங்க சார், நீங்கதான் ஏத்த விடலை" என்றேன்.

"காத்தை நான் நிறுத்த முடியுமாம்மா? நாப்பத்தேழு நிமிஷம் ஆகுதுன்னா ஆகுது. ஒண்ணு மட்டும் சொல்லணும் — உங்க அண்ணன் கெட்டிக்காரர். போய் இறங்கின ப்ளேனை எட்டே நிமிஷத்துல திருப்பி அனுப்பிடறார். வேற எந்த ஊர்லயும் இப்படி நடக்கறதில்லை."

எதிர்த் தீவின் விமான நிலையத்தில் இருப்பது என் சொந்த அண்ணன். இருபது வருஷம் படகுத்துறையில் வேலை பார்த்தவர். விமான நிலையம் திறந்தபோது ஆள் கிடைக்காமல் அவரைப் பிடித்து, இரண்டு நாள் வேலையைக் காட்டிவிட்டுப் போனார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, ஏணி தள்ளுவது, மூட்டை இறக்குவது, ரேடியோவில் நகரத்துக்குச் சொல்வது எல்லாம் அவர் ஒருவரே. பாராட்டைக் கேட்டு எனக்குப் பெருமைதான். ஆனால் எட்டு நிமிடமா? எங்கள் அண்ணனா? சட்டைக்குப் பொத்தான் போடவே அவருக்கு எட்டு நிமிடம் ஆகுமே!

மார்ச் 15, ஞாயிறு

ஏற்றிவிட்டேன். பதினோராவது ஆள் இவர். அப்பாடா.

மார்ச் 17, செவ்வாய்

கேப்டனம்மா இன்று கையுறையைக் கழற்றிக் கவுண்டரில் எறிந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கும்.

"அக்கா, நான் மெதுவா ஓட்டறேன்னு ஆபீஸ்ல பேசறாங்களாம். ஒவ்வொரு தடவையும் டேங்க்ல எவ்வளவு மிச்சம் வெச்சுக்கிட்டு இறங்கறேன் தெரியுமா? இவ்ளோ எண்ணெய எதுக்கு ஊத்தறாங்கன்னே புரியலை."

"காத்துங்கறாங்களே?"

"வெளியில பாருங்க."

பார்த்தேன். காற்றுப் பை எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நாலு நாளாகவே காற்று மாறிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. இப்போது போகும்போது காற்று முதுகைத் தள்ளுகிறது. அப்படியானால் சீக்கிரம் போய்ச் சேர வேண்டுமே? நகரத்தில் கேட்டுப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பத்தாறு. வெள்ளிக்கிழமை நாற்பத்தெட்டு.

"நீங்க எழுதற நேரத்தைக் காட்டலாமே" என்றேன் கேப்டனம்மாவிடம்.

"நான் எழுதறது இன்ஜின் பார்க்கறவங்களுக்குப் போகும். அட்டவணைக்குப் போறது நீங்க ரெண்டு பேரும் ரேடியோவில சொல்றதுதான். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க அவங்களுக்கு நேரமேது?"

காற்று இல்லை. விமானம் இல்லை. கேப்டன் இல்லை. அப்புறம் என்னதான்? இங்கே கட்டையை எடுத்ததும் "கட்டை எடுத்தாச்சு" என்று சொல்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் அண்ணன் சொல்கிறார். இடையில் பேய் பிசாசா இருக்கிறது?

அடுத்த வாரம் லீவு போட்டு நானே ஏறிப் போகப் போகிறேன். பதினாலு வருஷமாக ஊரையே ஏற்றி அனுப்புகிறேன், இந்த விமானத்தில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை.

மார்ச் 24, செவ்வாய்

 சந்தோஷமா கோபமா என்று கேட்டால் இரண்டும்தான். இவருடைய வாடகை வீட்டில், இவருடைய ஒற்றை மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சின்னது பக்கத்தில் தூங்குகிறது.

செவ்வாய்க்கிழமை என்பதால் இடம் கிடைத்தது. கட்டை எடுத்ததைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டேன். கடலைச் சரியாகப் பார்ப்பதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. சின்னது, "அவ்ளோதானா? இதுக்கா அப்பா ரெண்டு நாளு வந்தாரு?" என்று சத்தமாகக் கேட்டது. பின்சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். விமானம் நின்றது. அண்ணன் குனிந்து கட்டை வைப்பதை ஜன்னல் வழியே கண்ணால் பார்த்தேன். இருபத்தொன்பது நிமிடம்!

ரேடியோ அண்ணன் இடுப்பில் தொங்கியது. அதை அவர் தொடவே இல்லை.

ஏணியை உருட்டி வந்தார். ஆட்டிப் பார்த்தார். ஒரு காலை அதன் மேல் வைத்து நின்றுகொண்டு முதல் ஆளுக்குக் கை நீட்டினார். ஒவ்வொருவருக்கும் கை. கைக்குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு, தாயை இறக்கி, குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வந்த அம்மாள் படிக்கு ஒரு கதை சொன்னாள். கதை முடிகிற வரை அண்ணன் நின்று கேட்டார். நான் வேண்டுமென்றே கடைசியாக இறங்கினேன். என் கால் தரையில் பட்டதும் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, தலைகளை எண்ணி, ரேடியோவை எடுத்தார்.

"வந்தாச்சு."

பதினெட்டு நிமிடம் கழித்து! இங்கிருந்து எண்ணினால் எட்டு நிமிடத்தில் விமானம் திரும்பத்தானே செய்யும்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே நீ!" என்று அங்கேயே கத்திவிட்டேன். "கட்டை வெச்ச உடனே சொல்லணும். அதுவரைக்கும்தான் பறந்த நேரம். நீ இவங்களையெல்லாம் இறக்கித் தலையை எண்ணி முடிச்சு வந்தாச்சுங்கறே. உன் பதினெட்டு நிமிஷத்துக்கு எண்ணெய் ஊத்தி ஊத்தி இடமில்லாம ஆளைத் துரத்திக்கிட்டிருக்கேன் நான். உன் மச்சானையே துரத்தினேன்!"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆள் இறங்காம எப்படி பாப்பா வந்தாச்சுன்னு சொல்றது?" என்றார்.

 எனக்கே தெரிந்த விஷயம் அல்லவா இது? நானும் இந்தத் தீவில் பிறந்தவள்தான். எங்கள் படகுத்துறையில் கடைசி ஆள் கரையில் கால் வைக்கிற வரை "வந்தாச்சு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு தடவை படகு துறையில் ஒட்டியதும் வந்தாச்சு என்று சொல்லிக் கயிற்றைத் தளர்த்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் காலை எடுத்து வைத்த ஒருவருக்கு, படகுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டி முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவரைத் தூக்கி வந்தவர் அண்ணன். அப்போது அண்ணனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அதிலிருந்து துறையில் இதுதான் பழக்கம். வெளியூர்க்காரர் யாரும் இப்படித் தவறு செய்திருக்க முடியாது. செய்தால் நாங்கள்தான்.

"கட்டை வெச்சதும் சொல்லிடு அண்ணே" என்றேன், குரலை இறக்கி.

"உள்ள ஆளை வெச்சுக்கிட்டு வந்தாச்சுன்னு என் வாயால வராது. பொய் சொல்லச் சொல்லாத."

"பொய் வேண்டாம். கட்டை வெச்சதும் 'கட்டை வெச்சாச்சு'ன்னு சொல்லு. அது உண்மைதானே? எல்லாரும் இறங்கினப்புறம் உன் வந்தாச்சைச் சொல்லிக்கோ. யாரு வேண்டாங்கறா?"

யோசித்தார். கட்டையைப் பார்த்தார். "ரெண்டு தடவை சொல்லணுமா?"

"ரெண்டு தடவை சொல்லு."

"அப்ப சரி." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான் என்னால நின்னுட்டாரா பாப்பா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவரு" என்றார். கத்தியிருக்க வேண்டாம். இவ்வளவு பேர் முன்னால் கத்தியிருக்கவே வேண்டாம்.

மார்ச் 25, புதன்

அண்ணன் காலையிலேயே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர், "விடுங்க மச்சான், எட்டு நிமிஷத்துல ப்ளேனைத் திருப்பறவர்னு பேர் வாங்கிட்டீங்க, இனிமே அது போச்சே" என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சின்னது எழுந்துவிட்டது.

மார்ச் 28, சனி

முடிந்தது என்று நினைத்தேன். எங்கே! அட்டவணை போனில் குதிக்கிறார்.

"ரெண்டு மாசமா நாப்பத்தேழு. நீங்க ஒரு தடவை போயிட்டு வந்ததும் இருபத்தொன்பதா? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து யார் காதுல பூ சுத்தறீங்க? உங்க வீட்டுக்காரர் அந்த ப்ளேன்ல போறார்ங்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. கேப்டனம்மா போனைப் பிடுங்கி, "சார், டேங்க்ல மிச்சம் இருக்கற எண்ணெயும் அக்காவோட சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். அப்புறமும் விசாரணை என்கிறார்.

விசாரணையில் குற்றம் என்றால் விமானம் மட்டுமா போகும்? என் வேலையும் போகும், அண்ணன் வேலையும் போகும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விமானம் மட்டும்தான் நின்றிருக்கும் — அண்ணனை இழுத்துவிட்டேனோ?

கடைசியில் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சார், நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்க. உங்க கடிகாரம், உங்க கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

பயமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வந்தார். கனத்த மனிதர், கறுத்த பெட்டி. எல்லோரையும் போல மெஷினில் ஏறச் சொன்னேன்.

"என்னையுமா?"

"விதி நீங்க போட்டது சார்."

ஏறினார். நூற்றிரண்டு. "பெட்டியைக் கீழ வெச்சுட்டு நில்லுங்க சார்." நூற்றொன்று. பின்னால் வரிசையில் யாரோ இருமிச் சிரிப்பை மறைத்தார்கள். நான் மறைக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விமானம் போனதும் கவுண்டரில் உட்கார முடியவில்லை. ரேடியோ பக்கத்திலேயே நின்றேன். "கட்டை வெச்சாச்சு." இருபத்தொன்பது. நல்ல காலம். பிறகு காத்திருந்தேன். காத்திருந்தேன். இத்தனை நேரமா? பதினெட்டு தாண்டி, இருபதும் தாண்டிய பிறகு, அண்ணன் குரல்: "வந்தாச்சு."

திரும்பி வந்த அட்டவணையின் கால்சட்டை முழங்காலில் எண்ணெய்க் கறை. கேப்டனம்மாதான் விவரம் சொன்னாள். சார் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு இறங்கினாராம். ஏணியின் மூன்றாம் படியில் கால் பிசகிவிட்டது. கீழே நின்ற அண்ணன் அந்த நூற்றிரண்டு கிலோவையும் நெஞ்சோடு வாங்கி, விழாமல் நிறுத்தி, செருப்பு மாட்டிவிடுவது போல ஷூவைச் சரிசெய்து, கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் ரேடியோவைத் தொட்டாராம்.

அட்டவணை என்னிடம் பேசியது ஒரே கேள்வி. "அவர் எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தான் சார்."

தலையாட்டிக்கொண்டு போனார். முழங்காலைத் தடவிக்கொண்டே போனார்.

ஏப்ரல் 16, வியாழன்

கடிதம் வந்தது! நேர் விமானம் நிரந்தரம். போகிற நேரம் இருபத்தொன்பது நிமிடம் என்று திருத்திவிட்டார்கள். எண்ணெய் குறைகிறது, பதினெட்டு பேர் ஏறலாம். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன். முகம் கழுவி வெளியே வந்தால் கேப்டனம்மா, "அக்கா, கண்ணுல காத்து பட்டுதா? எதிர்க்காத்தா?" என்கிறாள். கொழுப்பு!

இவருக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தார். "சொல்லு" என்றார். "வேலையை விடலை" என்றேன்.  பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. "நல்லது" என்றார். உடனே பிள்ளைகளைப் பார்த்து, "இன்னைக்கு வீட்டுப்பாடம் கிடையாது" என்று கத்தினார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதினெட்டு பேர். யாரையும் நிறுத்தவில்லை. ஒருவரையும் நிறுத்தவில்லை!

ஜூன் 14, ஞாயிறு

இன்று எங்களுக்குள் சண்டை. ஈரத் துண்டை மறுபடியும் கட்டில் மேலேயே போட்டிருந்தார். நான் ஒன்று சொல்ல, இவர் இரண்டு சொல்ல, நான் பழசையெல்லாம் கிளற, இவர் "உங்க வீட்டுல எல்லாருக்குமே வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டார். மதியம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். சின்னது நடுவில் உட்கார்ந்து இரண்டு தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டது.

சாயங்காலம் மெஷினில் ஏறி நின்றபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். அறுபத்துநாலு. சாப்பாட்டை மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. "போயிட்டு வரேன்" என்று சின்னதிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த நாலு வருஷமும் இவர் எங்கே துண்டைப் போட்டாலும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருப்பதே ஒரு நாள், அதில் மனஸ்தாபம் எதற்கு என்று எடுத்து உலர்த்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இவரும் எதையும் சொன்னதில்லை. விருந்தாளி மாதிரி வருவார், விருந்தாளி மாதிரி போவார்.

துண்டை உலர்த்தவில்லை. அப்படியே கட்டில் மேல் கிடக்கிறது, கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை வருவார் இல்லையா, அப்போது வைத்துக்கொள்கிறேன்.